மனதை ஆராய்வது நோயாக மாறும்போது

லெந்து நாட்களிலும் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்), அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு முன்பும் "உங்கள் இருதயத்தை ஆராய்ந்து பாருங்கள்" என்று போதகர்கள் சொல்வது வழக்கம். தேவையான அறிவுரைதான். காணிக்கைப் பட்டியலை வாசிக்கும்போது நம் காது நம் பெயரைத்தானே தேடுகிறது? மத்தேயு 6-ல் இயேசு தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றையும் சொல்லி, மனுஷர் காணவேண்டுமென்று செய்யாதீர்கள் என்கிறார். ஆனால் மனநல ஆலோசகராக நான் சந்திப்பவர்களில் சிலருக்கு இந்த ஆராய்ச்சி நிற்பதே இல்லை. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பாடகர் குழுவில் இருந்த ஒரு பெண். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஆராதனை முடிந்ததும் ஒரு அக்கா, "இன்னைக்கு நல்லா பாடினம்மா" என்றார். இவளுக்குச் சந்தோஷம். அன்று இரவே கேள்வி வந்துவிட்டது: கர்த்தருக்காகப் பாடினேனா, பாராட்டுக்காகவா? மன்னிப்புக் கேட்டு ஜெபித்தாள். அந்த ஜெபமாவது உண்மையா, என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளவா? மறுபடி முழங்கால். மறுபடி முதலிலிருந்து. கொஞ்ச நாளில் பாடுவதை நிறுத்தினாள். அப்புறம் அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசித்துவிடுவேனோ என்ற பயத்தில் திருவிருந்தையும் விட்டாள். வீட்டிலோ, பிள்ளைக்கு எவ்வளவு பயபக்தி என்று பெருமை!

இது பக்தி முற்றியதல்ல. வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைச் சரிசெய்ய ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஓசிடி என்ற மனநோயின் ஒரு வடிவம். கையைக் கழுவிக்கொண்டே இருப்பவரைப் போலத்தான் இவர்களும், மனசாட்சியைக் கழுவிக்கொண்டே இருக்கிறார்கள்.

பழைய பரிசுத்தவான்களுக்கும் இது தெரியும். இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லொயோலா, 1522-ல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்தபோது, அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டுத் தவித்தார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போனார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகே விடுதலை கிடைத்தது. வீண்பெருமைக்குப் பயந்து நற்செயலை நிறுத்தாதே என்று பின்னாளில் மற்றவர்களுக்கு எழுதினார். அங்கே பெர்னார்ட் என்ற பழைய துறவியின் பதிலை எடுத்துக்காட்டுகிறார்: உனக்காக நான் இதைத் தொடங்கவில்லை, உனக்காக நிறுத்தவும் மாட்டேன். பிசாசுக்குச் சொன்ன பதில் அது. பாட்டை விட்டுவிட்ட பெண்ணுக்கு இதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியாது.

சரி, எது ஆராய்ச்சி, எது நோய்? உண்மையான ஆராய்ச்சி ஒரு குறிப்பிட்ட காரியத்தில் போய் நிற்கும். தம்பியைப் பலர் முன்னால் மட்டம் தட்டினேன், அவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்டதும் முடிந்தது. நோய் கேட்பது நூறு சதவீத நிச்சயம். என் உள்நோக்கத்தில் துளியும் கலப்பில்லை என்று எந்த மனுஷனால் சொல்லமுடியும்? பவுலே தன்னைக் குறித்துத் தீர்ப்புச் சொல்வதில்லை, நியாயம் விசாரிக்கிறவர் கர்த்தர் என்று 1 கொரிந்தியர் 4-ல் எழுதி விட்டுவிடுகிறார். பொறாமையால் கிறிஸ்துவைப் பிரசங்கித்தவர்களைப் பற்றிக்கூட, எப்படியும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று பிலிப்பியர் முதல் அதிகாரத்தில் சந்தோஷப்படுகிறார்.

வீட்டாருக்கு ஒன்று. "நீ நல்ல பிள்ளைதான், கடவுள் மன்னிச்சிட்டார்" என்று ஒவ்வொரு முறையும் தேற்றாதீர்கள். அந்த ஆறுதல் கொஞ்ச நேரம்தான் தாங்கும்; அடுத்த முறை இன்னும் அதிகமாகக் கேட்கவைக்கும். "இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லியாயிற்று" என்று அன்பாகச் சொல்லி நிறுத்துங்கள். சிகிச்சையிலும் சந்தேகம் வரும்போது உடனே ஜெபித்துச் சரிசெய்யாமல், அந்தச் சங்கடத்தோடு இருக்கத்தான் படிப்படியாகப் பழக்குகிறோம். சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்லவேண்டாம்.

போதகர்களே, ஒருவர் அதே பாவத்தை அறிக்கையிட மறுபடி மறுபடி வந்தால், இன்னொரு உபவாச ஜெபத்தைச் சொல்லி அனுப்பாதீர்கள். மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள், முடிந்தால் கூடவே போங்கள். அரசின் டெலி மானஸ் மனநலத் தொலைபேசி உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.