நிகழாநிலை: ‘கவுண்டர்ஃபேக்சுவல்’ என்பதற்குத் தமிழ்

நடக்காத ஒன்றை நடந்திருந்ததாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து என்ன விளைந்திருக்கும் என்று சொல்லும் கூற்றை ‘கவுண்டர்ஃபேக்சுவல்’ என்பர். இலத்தீனில் ‘கான்ட்ரா’ என்பதற்கு எதிர் என்றும் ‘ஃபாக்டும்’ என்பதற்குச் செய்யப்பட்டது என்றும் பொருள். இவ்வகைக் கூற்றுகளின் சிக்கலை ஆங்கிலத் தத்துவ உலகில் முன்னிறுத்தியவர்களுள் ஒருவர் நெல்சன் குட்மன். அவருடைய கட்டுரை 1947இல் வெளிவந்தது.

இதை ‘எதிர்மெய்’ என்று பெயர்த்தால், படிப்பவர் பொய் என்றே புரிந்துகொள்வார். “சில்க் போர்டு வழியாக வராமல் இருந்திருந்தால் எட்டு மணிக்கே வீடு சேர்ந்திருப்பேன்” என்று, நெரிசலுக்குப் பேர்போன அச்சந்திப்பைக் கடந்துவந்த பெங்களூருத் தமிழர் ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் அவ்வழியாக வந்தது உண்மை. ஆயினும் அவர் சொன்ன கூற்றும் உண்மையாக இருக்கலாம். இங்கே மறுக்கப்படுவது நிகழ்வே அன்றி மெய்ம்மை அன்று. மூலச் சொல்லின் வேரும் ‘செய்’ என்பதுதானே தவிர ‘வாய்மை’ அன்று.

தொல்காப்பியம் கூறும் வினையெச்ச வாய்பாடுகளுள் ‘செயின்’ (செய்தால்) என்பது ஒன்று. ஆனால் அது இனி நடக்கக்கூடியதற்கும் பொருந்தும் என்பதால், இன்றைய தமிழ் ‘இரு’ என்னும் துணைவினையைச் சேர்த்து ‘வந்திருந்தால் பார்த்திருப்பேன்’ என்று நிகழாததைத் தனியே பிரித்துக் காட்டுகிறது. (பக்கத்து வீட்டுக் கன்னடமும் ‘பந்தித்தரெ’ (வந்திருந்தால்) என்று இதே துணைவினையைக் கொண்டே சொல்கிறது.) எனவே ‘நிகழாநிலை’ என்ற சொல்லையே நான் பரிந்துரைப்பேன். நிகழாநிலைக் கூற்று, நிகழாநிலை வாதம், நிகழாநிலை உறுதிப்பாடு என்று தொடர்களிலும் அது இடறாமல் வரும்.

இந்த மூன்றாவது தொடர்தான் குவாண்டம் இயற்பியலின் அடிப்படை விவாதங்களில் பெரும் பூசலுக்கு இடமானது. செய்யாத அளவீட்டுக்கும், செய்திருந்தால் கிடைத்திருக்கும் திட்டமான விடை ஒன்று உண்டு என்பதே நிகழாநிலை உறுதிப்பாடு. இயற்பியலாளர் ஜான் பெல் 1964இல் நிறுவிய தேற்றத்தில் இதன் இடம் எதுவென்று காண, கிளாசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் ஆகிய நால்வரும் 1969இல் அதற்குத் தந்த வடிவம் எளிதானது. பிணைப்புற்ற (ஆங்கிலத்தில் ‘என்டாங்கிள்டு’) துகள் இணையில் ஒன்று ஒருவரிடமும் மற்றொன்று தொலைவிலுள்ள வேறொருவரிடமும் செல்கின்றன. முதல்வர் அ1, அ2 என்னும் இரு அளவீடுகளுள் ஒன்றையும், அடுத்தவர் ஆ1, ஆ2 என்பவற்றுள் ஒன்றையும் செய்யலாம். விடை எப்போதும் +1 அல்லது −1. ஒரு சுற்றில் ஒருவர் ஓர் அளவீட்டையே செய்ய முடியும் என்றாலும், செய்யாததற்கும் விடை உண்டு என்றும், மறுமுனையில் எதை அளந்தாலும் அவ்விடை மாறாது என்றும் கொண்டால், நான்கு எண்களையும் ஒருங்கே எழுதிவிடலாம். ஆ1, ஆ2 இரண்டும் ஒன்றாயின் அவற்றின் வேறுபாடு 0. மாறுபட்டால் கூட்டுத்தொகை 0. ஆகவே அ1(ஆ1+ஆ2)+அ2(ஆ1−ஆ2) என்பது ஒவ்வொரு சுற்றிலும் +2 அல்லது −2 ஆகவே வரும். பல சுற்றுகளின் சராசரி 2ஐத் தாண்டாது.

குவாண்டம் கோட்பாடோ ஏறத்தாழ 2.83 வரை இடம் தருகிறது. 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் வைத்த வைரங்களிலுள்ள எலக்ட்ரான்களைக் கொண்டு செய்த சோதனையில் 2.42 கிடைத்தது. ஆஸ்பே, கிளாசர், ட்சைலிங்கர் மூவரும் இத்துறைச் சோதனைகளுக்காக 2022இல் நோபல் பரிசு பெற்றனர்.

2 என்ற எல்லை மீறப்பட்டது. அப்படியானால் மேலே கொண்ட எடுகோள்களுள் கைவிடவேண்டியது எது? ‘செய்யாத சோதனைகளுக்கு விடைகள் இல்லை’ என்ற பொருள்படும் தலைப்பில் 1978இல் எழுதிய ஆஷர் பெரஸ், நிகழாநிலை உறுதிப்பாட்டையே விடவேண்டும் என்றார். மறுதரப்பினர், பெல் அதை முன்கூட்டியே வைத்துக்கொள்ளவில்லை, 1935இல் ஐன்ஸ்டைன், பொடால்ஸ்கி, ரோசன் காட்டிய வழியில், தொலைவில் செய்வது இங்குள்ளதை உடனே பாதிக்காது என்னும் அண்மைக் கொள்கையிலிருந்தே வருவித்தார், ஆகவே விடவேண்டியது அக்கொள்கையே என்பர். பெல்லின் மூலக் கட்டுரையைப் படிக்கும்போது பின்னவர் கூற்றே எனக்கு வலுவாகப் படுகிறது. இப்பூசல் நமக்குப் புதிதும் அன்று. நெருப்பு இல்லாதிருந்தால் புகையும் இல்லாதிருக்கும் என்பது போன்ற வாதத்தை, இந்திய அளவையியல் மரபாகிய நியாயத்தின் நூலார் தருக்கம் என்றனர். ஆனால் அதைப் பிரமாணமாக, அதாவது மெய்யறிவு தரும் வழியாக, ஏற்காமல், பிரமாணத்துக்குத் துணையாக மட்டுமே வைத்தனர்.

‘நான்லோகாலிட்டி’ என்பதற்கும் இங்கேயே ஒரு சொல் வேண்டும். இடம் எனப் பொருள்படும் ‘லோகுஸ்’ அதன் வேர் என்பதால் ‘இடச்சார்பின்மை’ என்று எழுதத் தோன்றும். ஆனால் அது, பெங்களூருவிலும் பாரிசிலும் இயற்பியல் விதி ஒன்றே என்ற முற்றிலும் வேறான கருத்தைத் தந்துவிடும். ஓரிடத்து நிகழ்வை, அதன் அண்மையில் உள்ளவையும், ஒளியின் வேகத்தை மீறாமல் அங்கு வந்து சேரக்கூடியவையும் மட்டுமே பாதிக்கும் என்பதுதான் மறுக்கப்படும் கொள்கை. அதை ‘அண்மைச் சார்பு’ என்றும், அதன் மறுப்பை ‘அண்மைச் சார்பின்மை’ என்றும் சொல்லலாம். ‘சேய்மைத் தாக்கம்’ என்பது காதுக்கு இனிதாயினும் தவிர்க்கத்தக்கது. ஒருமுனையில் எதை அளந்தாலும் மறுமுனையின் விடைகளை மட்டும் தனித்துப் பார்ப்பவர்க்கு அவற்றின் நிகழ்தகவு மாறுவதில்லை, ஆகவே இவ்வழியில் செய்தி எதையும் அனுப்ப இயலாது.