ரசீதுப் புத்தகத்தில் படித்த மக்கள் தொடர்பு

மக்கள் தொடர்புப் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “யாரிடமாவது நன்கொடை கேட்டுப் போயிருக்கீங்களா?”

பலரும் திருதிருவென்று விழிப்பார்கள். பிரஸ் ரிலீஸ் எழுதச் சொல்வேன், இன்ஸ்டாகிராமைப் பற்றிக் கேட்பேன் என்று தயாராகி வந்திருப்பார்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்குத் தெரிந்த மக்கள் தொடர்பில் பாதி, கல்லூரி இரண்டாம் ஆண்டில் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த மூன்று மாதத்தில் வந்தது. மீதிப் பாதி, அதே வசூலுக்காகக் கொடுத்த ஒரு பேட்டியில் வாங்கிய அடியில் வந்தது. வகுப்பறையில் அவற்றுக்குப் பெயர் மட்டும் தெரிந்துகொண்டேன்.

காது கேளாத குழந்தைகள் படிக்கும் ஒரு பள்ளியில் 16 பேருக்குக் காது கேட்கும் கருவி வாங்கித் தருவதுதான் எங்கள் திட்டம். நாங்கள் பதினோரு பேர். முதல் நாள் காலை ஒரு கடை முதலாளி முன்னால் போய் நின்றேன். மனப்பாடம் செய்த பேச்சை ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். அவர் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாக முழுவதையும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கருவி வாங்கிக் கொடுத்துடுவீங்க. பேட்டரி யாரும்மா வாங்கிக் கொடுப்பாங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “தெரிஞ்சுக்கிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்துகொண்டார்.

அன்று மாலையே பள்ளிக்கு ஓடினோம். அதுவரை அங்கே நாங்கள் போனது ஒரே ஒரு முறை, அதுவும் போட்டோ எடுக்க. அந்தக் கருவிகளில் போடும் பொத்தான் அளவு பேட்டரி ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது என்று ஆசிரியை சொன்னார். காதுக்குள் பொருந்தும் அச்சைக் குழந்தை வளர வளர மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் கருவி கீச்சென்று கத்தும் என்றும் சொன்னார். அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவைக் காட்டினார். போன வருடம் யாரோ நன்கொடையாகக் கொடுத்த ஏழு கருவிகள், பேட்டரி இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தன. பெட்டியின் மேல் கொடுத்தவர்களின் பெயர் மட்டும் பளபளவென்று இருந்தது.

திட்டத்தையே மாற்றினோம். கருவிகளோடு ஒரு வருடத்துக்கான பேட்டரி, அச்சு மாற்றும் செலவு எல்லாம் சேர்த்து இலக்கு வைத்தோம். தொகை கூடியது. ஆனால் கேட்கும்போது வாய் குழறவில்லை. அந்தக் கடைக்காரரிடம் திரும்பப் போனேன். கொடுத்தார். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு, “இந்தப் பொண்ணு கணக்கு சரியா வெச்சிருக்கு” என்றார். அந்த ஒரு வாக்கியம் திரட்டிய பணத்தை எங்கள் துண்டுப் பிரசுரம் எதுவும் திரட்டவில்லை.

மக்கள் தொடர்பு எப்படியெல்லாம் நடக்கிறது என்பதை ஜேம்ஸ் க்ரூனிக், டாட் ஹன்ட் என்ற இருவரும் 1984-ல் நான்கு மாதிரிகளாகப் பிரித்தார்கள். பரபரப்புக் கிளப்புவதில் தொடங்கி, எதிர்த்தரப்பு சொல்வதைக் கேட்டு நிறுவனம் தன்னையும் மாற்றிக்கொள்வது வரை அந்த வரிசை போகிறது. தேர்வில் இதற்கு ஐந்து மதிப்பெண். எனக்கு நான்காவது மாதிரி என்றால் இன்றும் அந்தக் கடைக்காரர் முகம்தான் நினைவுக்கு வரும்.

காசு கொடுப்பவருக்கு என்ன திரும்பக் கிடைக்கிறது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். பிரான்ஸ் பரிசளித்த சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் இல்லாமல் நியூயார்க்கில் வேலை நின்றுபோனது. 1885 மார்ச்சில் ஜோசப் புலிட்சர் தன் ‘நியூயார்க் வேர்ல்டு’ பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்தார். எவ்வளவு சின்னத் தொகையானாலும் கொடுத்தவர் பெயரை அச்சிடுவோம் என்றார். பள்ளிப் பிள்ளைகள் சேர்த்து வைத்த சில்லறையை அனுப்பினார்கள். ஐந்தே மாதத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் ஒரு லட்சம் பேருக்கும் அதிகம், பெரும்பாலோர் தந்தது ஒரு டாலருக்கும் குறைவு. பத்திரிகையின் விற்பனையும் கூடவே ஏறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புலிட்சர் ஒன்றும் சாமியார் இல்லை. அவருக்குப் பிடிபட்டது இதுதான்: சில்லறை போட்டவருக்கும் அந்தப் பீடத்தில் ஒரு கல் தன்னுடையது என்று தோன்ற வேண்டும். எங்களிடம் பத்திரிகை இல்லை. கல்லூரி வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. தினமும் மாலையில் அன்று வந்த தொகையையும் ரசீது எண்களையும் அதில் எழுதிப் போட்டோம். தன் ரசீது எண்ணைத் தேடிப் பார்க்க வந்தவர்கள் பாதிப்பேர், வந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டுப் போனார்கள்.

இனி அந்தப் பேட்டி.

வசூல் இழுபறியாக இருந்த நேரத்தில் ஒரு நாளிதழ் நிருபர் கல்லூரிக்கு வந்தார். பேசுவதற்கு என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். இருபது நிமிடம். பேட்டரி, அச்சு, டப்பாவில் தூங்கிய ஏழு கருவிகள் எல்லாவற்றையும் கோவையாகச் சொன்னேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் நோட்டை மூடினார், பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். வாசல் வரை வழியனுப்பப் போனேன். போகிற வழியில் சும்மா பேச்சுக்கு, “பாவம் சார், அதுல ஒரு பையன் இடிச் சத்தம்கூடக் கேட்டதில்லை. அவனுக்கு உலகமே இருட்டு மாதிரி” என்றேன்.

மறுநாள் தலைப்பு: “இருண்ட உலகில் 16 குழந்தைகள்.”

நிருபர் மேல் தப்பே இல்லை. சொன்னது நான். மேற்கோள் குறிக்குள் இருந்ததும் அப்படியே என் வார்த்தைகள். தலைப்பு வந்த பத்தாவது நாள் எங்கள் இலக்குத் தொகை நிரம்பியது. பெருமிதத்தோடு பள்ளிக்குப் போனபோது ஆசிரியை ஒன்றும் பேசாமல் அந்தப் பத்திரிகைத் துண்டை நீட்டினார். அந்தப் பையன் வெட்டி எடுத்து வைத்திருந்தானாம். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: “எனக்குக் கண் நன்றாகத் தெரியும். நான் கோல் கீப்பர்.”

பன்னிரண்டு வயதுப் பையன். பணம் அந்தத் தலைப்பால்தான் வந்தது. இரண்டும் உண்மை. இத்தனை வருடத்தில் இந்த இரண்டையும் ஒன்றோடொன்று சமாதானமாக உட்கார வைக்க என்னால் முடியவில்லை.

ஒரு முகத்தைக் காட்டினால் பணம் வரும் என்பதற்கு ஆய்வே இருக்கிறது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஆப்பிரிக்காவின் பஞ்சம் பற்றிய புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள். ரோகியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் 2.38 டாலர் கொடுத்தார்கள். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் தொகை 1.43-க்கு இறங்கிவிட்டது. நிதி திரட்டும் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்ததால்தான் கண்ணீர் வடியும் குழந்தையின் படம் திரும்பத் திரும்ப வருகிறது. என் மாணவர்களிடம் நான் வைக்கும் நிபந்தனை இது: எழுதியதையும் படத்தையும் சம்பந்தப்பட்டவரிடம் முதலில் காட்டுங்கள். குழந்தை என்றால் பெற்றோர் சம்மதம் கட்டாயம், ஆனால் அது மட்டும் போதாது, அந்தக் குழந்தையும் பார்க்க வேண்டும். நாளைக்கு அவனுடைய வகுப்பில் யாராவது அதை உரக்கப் படித்தால் அவன் நிமிர்ந்து உட்கார முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் வேறு கதை தேடுங்கள். கோல் கீப்பர் கதையை நான் தேடவே இல்லை, அது பக்கத்திலேயே இருந்தும்.

டெர்ரி ஃபாக்ஸைப் பற்றி ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் பேசுகிறேன். கனடாவைச் சேர்ந்த கல்லூரி மாணவர். புற்றுநோயால் வலது காலை இழந்தவர். புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்ட 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலோடு நாட்டின் குறுக்காக ஓட ஆரம்பித்தார், அப்போது வயது 21. ஆரம்பத்தில் பெரிய கூட்டம் எதுவும் இல்லை. பத்தாயிரம் பேர் வசித்த போர்ட் ஓ பாஸ்க் ஊர் பத்தாயிரம் டாலருக்கு மேல் கொடுத்தது. பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில் நுழைந்ததும் நிலைமை தலைகீழ். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, அங்குள்ள ஊடகங்களில் செய்தி பெரிதாகப் போய்ச் சேரவில்லை, எதற்காக ஓடுகிறார் என்றே பலருக்குத் தெரியவில்லை. அடுத்த மாகாணமான ஒன்டாரியோவில் புற்றுநோய்ச் சங்கத்தினர் ஊர் ஊராக முன்கூட்டியே பேசி வைத்த பிறகு தெருவெல்லாம் கூட்டம். ஓடியது அதே ஆள், அதே கால். செய்தி எந்த மொழியில், யார் வழியாகப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் மாறியது. 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்திருந்தது, கனடாவின் அன்றைய மக்கள்தொகைக்குத் தலைக்கு ஒரு டாலர். அவர் சொன்னது எல்லாம் தன் சொந்தக் கதை. அடுத்தவர் துயரத்தை எடுத்துப் பேசுகிற நமக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிடுகிறேன்.

பேட்டி கொடுக்கப் போகும் மாணவர்களுக்குச் சில விஷயங்கள், வரிசை எதுவும் இல்லாமல். ‘ஆஃப் தி ரெக்கார்டு’, அதாவது வெளியிடக் கூடாது என்ற பேச்சு, பேசுவதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் செல்லும். சொல்லி முடித்துவிட்டு “இதைப் போட்டுடாதீங்க” என்பது வெறும் கெஞ்சல். நிருபர் கேள்வி கேட்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மௌனத்தை நீங்கள் நிரப்ப வேண்டியதில்லை, பெரும்பாலான உளறல்கள் அந்த நாலு நொடியில்தான் வருகின்றன. கேள்வியில் இருக்கும் மோசமான சொல்லைத் திருப்பிச் சொல்லாதீர்கள். “பணத்தைச் சுருட்டுறீங்களாமே?” என்றால் “நாங்கள் சுருட்டவில்லை” என்பது பதில் இல்லை, தலைப்பு. 1973-ல் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் “நான் மோசடிக்காரன் அல்ல” என்றார். இன்றுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது அந்தச் சொல்தான். வசூலில் சந்தேகம் கிளம்பினால் எண்ணைச் சொல்லுங்கள்: இவ்வளவு வந்தது, இத்தனை ரசீது, பணம் இந்தக் கணக்கில் இருக்கிறது, வந்து பாருங்கள்.

அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் அது உண்மையாகவும் இருக்க வேண்டும். வசூல் பெட்டிக்கு முத்திரை, ரசீதுக்கு வரிசை எண், எண்ணும்போது இரண்டு பேர், தனி வங்கிக் கணக்கு. சலிப்பூட்டும் வேலைதான். விடுதித் தரையில் நள்ளிரவில் நாணயம் எண்ணி விரல் கறுத்துப்போனது எனக்கு நினைவிருக்கிறது. இலக்கை எட்டாவிட்டால் சேர்ந்த பணம் என்ன ஆகும் என்பதையும் முதல் நாளே எழுதி வையுங்கள். நல்ல நிருபர் அதைக் கேட்பார்.

பெரிய ஆட்களும் சறுக்குகிறார்கள். 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்துப் பதினோரு தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த மாதம், அந்தக் கிணற்றுக்குப் பொறுப்பான பிபி எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் டோனி ஹேவர்ட் கேமரா முன்னால் வருத்தம் தெரிவித்துப் பேசிக்கொண்டே வந்து, தனக்குத் தன் வாழ்க்கை திரும்பக் கிடைக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு வரி சேர்த்துவிட்டார். பிறகு மன்னிப்பும் கேட்டார். அந்த ஆண்டே பதவியிலிருந்து விலகினார். அவர் அன்று சொன்ன மற்ற வரிகள் யாருக்கும் நினைவில்லை. களைப்பில் வந்த வார்த்தைதான், எனக்குப் புரிகிறது. என் வார்த்தையும் வாசல்படியில்தான் வந்தது.

அதனால் பயிற்சியின் கடைசி நாளில் ஒரு மாதிரிப் பேட்டி வைப்பேன். நானே நிருபர். இருபது நிமிடம் கேள்வி கேட்டுவிட்டு நோட்டை மூடுவேன், பேனாவுக்கு மூடி போடுவேன், தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைப்பேன். “அப்பாடா, முடிஞ்சுது. நல்லாப் பேசினீங்க. சும்மா கேட்கிறேன், உள்ளே உண்மையில என்னதான் நடக்குது?” என்பேன். பத்தில் ஒன்பது பேர் தோளைத் தளர்த்திக்கொண்டு கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

போன மாதம் வந்த ஒரு மாணவி மட்டும் மேசையைப் பார்த்துச் சிரித்தாள்.

“மேடம், உங்க ரெக்கார்டர்ல இன்னும் சிவப்பு லைட் எரியுது.”