சினைப் பூனைக்குக் கூண்டு வைக்கும் முன்

"வயித்துப்பிள்ளைக்காரிய அறுக்கலாமா டாக்டரம்மா, பாவம் இல்லையா?"

தெருப்பூனைகளுக்குத் தினமும் சோறு வைத்து, அவை மேலும் பெருகாமல் ஏதாவது செய்ய வேண்டும் என்று தாங்களாகவே முன்வருகிறவர்கள்கூட, பூனை சினையாக இருக்கிறது என்று தெரிந்ததும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். பூனையைக் கொன்ற பாவம் தீரத் தங்கத்தில் பூனை செய்து தானம் கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அது கொஞ்சமும் இல்லாதவர் கையில் பூனை பிடிக்கும் கூண்டைக் கொடுக்கத்தான் எனக்குப் பயம்.

கர்ப்பப்பையை எடுத்துவிடும் கருத்தடை அறுவையைச் சினையிலும் செய்யலாம், பல சமயங்களில் செய்யத்தான் வேண்டும் என்பது என் பதில். ஆனால் எந்தப் பூனைக்கு, சினையின் எந்த வாரத்தில் என்பதைக் கூண்டு வைப்பதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். கதவு விழுந்த பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது. மனிதரை அண்டாத பூனை கூண்டுக்குள் மூக்கை மோதி ரத்தம் வரப் போராடும். பிடித்தவருக்குப் பதற்றம், பக்கத்து வீட்டுக்காரருக்கு எரிச்சல். அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு பூனைக்கு நல்லதாக அமைவது அபூர்வம்.

"குட்டி போடட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது கேட்க இதமாகத்தான் இருக்கிறது. பூனையின் உடம்பு அந்த 'அப்புறத்தை' எளிதில் தருவதில்லை. பூனைக்குச் சினைக்காலம் ஒன்பது வாரம், சராசரியாக 65 நாள். இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளிவரும் என்பதால் சேர்க்கை வீணாவது குறைவு. குளிர் நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் பூனைகளுக்குப் பருவம் அடங்கி ஓய்வு கிடைக்கும். நம் திருநெல்வேலி பூமத்தியரேகையிலிருந்து எட்டேமுக்கால் பாகைதான் தள்ளி இருக்கிறது. ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இங்கே ஏறத்தாழ ஒரு மணி நேரமே வித்தியாசம். அதனால் நம் ஊர்ப் பூனைக்கு ஓய்வு மாதம் என்று ஒன்று இல்லை. குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். பெட்டைக் குட்டிகள் நாலைந்து மாதத்தில் தாங்களே சினைப்படத் தொடங்கும். 'அப்புறம்' என்று தள்ளிப்போட்டவர்கள் மறுபடி என்னைத் தேடி வரும்போது, பெரும்பாலும் அதே பூனை அடுத்த சினையில் இருக்கிறது.

பிறக்கும் குட்டிகள் என்ன ஆகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண் இரண்டும் சீழ் பிடித்து ஒட்டிப்போன குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். உண்ணி ரத்தத்தை உறிஞ்சி ஈறு வெளுத்துக் கிடக்கும் குட்டிகள், நாய் கடித்துப் பிழைத்தவை, சூட்டுக்காகக் கார் இன்ஜினுக்குள் ஏறிப் படுத்து அடிபட்டவை. உவரி, இடிந்தகரை மாதிரி மீன் இறங்கும் ஊர்களில் கழிவு மீன் தாராளமாகக் கிடைப்பதால் தாய்ப்பூனை வருடம் முழுவதும் ஈன்றுகொண்டே இருக்கும். இளம்பூனையாக வளர்ந்து நிற்பவை கொஞ்சம்தான். பாவத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

இனி, கூண்டு வைக்கும் முன் பார்க்க வேண்டிய முதல் விஷயம். அந்தப் பூனை சினையா, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறதா? இதில் தவறினால் அறுவையில் பூனைக்கு எதுவும் ஆகாவிட்டாலும், எங்கோ ஒரு பரண் மேல் கண் திறக்காத குட்டிகள் பட்டினியில் செத்துப்போகும். டவுனில் ரத வீதியை ஒட்டிய ஒரு வளவில் சோறு வைக்கும் ஆச்சி ஒருவர் போன் செய்தார். "வயிறு தொங்கிப் போய்க் கெடக்கு டாக்டரம்மா, இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு பாத்துக்கிடுங்க. சீக்கிரம் புடிச்சிரணும்." போட்டோ அனுப்பச் சொன்னேன். வயிறு தொங்கியது உண்மைதான். ஆனால் பக்கவாட்டில் உப்பவில்லை, விலாவுக்குக் கீழே ஒட்டிப்போயிருந்தது. முலைக்காம்புகள் நீண்டிருந்தன. அவற்றைச் சுற்றி ரோமம் உதிர்ந்து வட்டமாகத் தோல் தெரிந்தது. குட்டிகள் வாய் வைத்துச் சப்பினால்தான் அப்படி ஆகும்.

"ஆச்சி, கூண்டு இப்ப வேண்டாம். சோத்தைத் தின்னுட்டு எந்தப் பக்கமா போவுதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றேன். முடுக்கைத் தாண்டி, பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுத் தட்டட்டிக்கு, அதாவது மொட்டைமாடிக்குப் போனது. அங்கே பழைய சாக்குகளுக்கு நடுவே குட்டிகள் இருந்தன.

சினைப் பூனை வேறு மாதிரி. மூன்றாம் வாரத்தில் காம்புகள் சிவந்து தெரியத் தொடங்கும், ஆனால் சுற்றிலும் ரோமம் கலையாமல் இருக்கும். ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு வயிறு இரண்டு பக்கமும் உருண்டு நிற்கும். மேலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். சாப்பிட்டுவிட்டு அவசரமாக எங்கும் ஓடாது; அங்கேயே படுத்துக் கால் நீட்டும். பால் கொடுக்கும் தாயோ வேகமாகத் தின்றுவிட்டு ஒரே திசையில் கிளம்பும். சந்தேகம் என்றால் இரண்டு நாள் கவனியுங்கள். இரண்டு நாளில் எதுவும் கெட்டுவிடாது. பால் கொடுக்கிற பூனை என்றால் குட்டிகள் தாமாகத் தின்னத் தொடங்கி, எட்டு வாரத்தை நெருங்கும்போது தாயையும் குட்டிகளையும் சேர்த்தே பிடிக்கலாம். அதுவரை குட்டிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காதீர்கள். பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்று சொல்வார்களே, அதற்குப் பெரும்பாலும் காரணம் நாம் எட்டிப் பார்ப்பதுதான்.

அடுத்தது, எத்தனையாவது வாரம் என்பது. அண்டாத பூனையின் வயிற்றை முழித்திருக்கும்போது தொட்டுப் பார்க்க முடியாது. மயக்கம் கொடுத்த பிறகு கையால் தடவியோ ஸ்கேனிலோ பார்க்கிறோம். ஆறு வாரத்துக்கு மேல் என்றால் எக்ஸ்ரேயில் குட்டிகளின் எலும்பு தெரியும்.

முதல் ஐந்து, ஆறு வாரங்களில் நான் தயங்குவதில்லை. அறுவை வழக்கமானதைவிடச் சற்றுக் கடினம். கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் தடித்திருக்கும், திசு எளிதில் கிழியும், ஒவ்வொரு முடிச்சையும் இரட்டையாகப் போட வேண்டும். ரத்தக்குழாய் வழி திரவம் ஏற்றிக்கொண்டே செய்ய வேண்டும், ஏனென்றால் கனத்த கர்ப்பப்பையை வெளியே எடுக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். உடம்புச் சூடும் குறையும். பால் கொடுக்கும் பூனைகளுக்கு விலாப் பக்கம் சின்னதாகக் கீறிச் செய்வது வசதி; வயிறு பெருத்த சினைப் பூனைக்கு அது கூடாது, வயிற்றின் நடுவே திறந்துதான் செய்ய வேண்டும். அதனால் கருத்தடை ஆபரேஷன் செய்கிற எல்லா இடத்திலும் பெரிய வயிற்றுப் பூனையை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். முதலிலேயே "சினைப் பூனை" என்று சொல்லிக் கேளுங்கள். நம் பக்கத்தில் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கும் விசாரிக்கலாம்.

குட்டிகளுக்கு வலிக்குமா என்று கேட்கிறவர்களிடம் நான் எதையும் மறைப்பதில்லை. கர்ப்பப்பையைத் திறக்காமல் முழுதாக எடுக்கிறோம். தாய்க்குக் கொடுத்த மயக்கம் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிகளுக்கும் போகிறது. கருவில் இருக்கும் உயிர் மூச்சு விடத் தொடங்கும்வரை விழிப்பு நிலைக்கே வருவதில்லை. எடுத்த கர்ப்பப்பையை ஒரு மணி நேரத்துக்கு மேல் திறக்காமல் அப்படியே வைக்க வேண்டும்; வேடிக்கை பார்க்கத் திறக்கவே கூடாது. அந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் குட்டிகள் எதையும் உணராமல் போகின்றன. அது ஒரு இழப்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

கடைசி ஒரு வாரம் என்றால் என் முடிவு மாறும். வயிறு கீழே இறங்கி, காம்பை லேசாக அழுத்தினால் பால் வருகிறது, எக்ஸ்ரேயில் குட்டிகள் முழுதாகத் தெரிகின்றன என்றால், இரண்டு கேள்வி கேட்பேன். இந்தப் பூனை மனிதரை ஓரளவு அண்டுமா? தாயையும் குட்டிகளையும் இரண்டு மாதம் ஒரு தனி அறையில் வைத்துப் பார்க்க உங்களால் முடியுமா? இரண்டுக்கும் "ஆமாம்" என்றால் அறுவை வேண்டாம். பிரசவம் ஆகட்டும், குட்டிகள் பால் மறந்ததும் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செய்யலாம். அண்டவே அண்டாத பூனையை இரண்டு மாதம் அடைத்து வைப்பது அதற்குச் சிறை. பயத்தில் குட்டிகளைக் கைவிடும் தாய்களும் உண்டு. அப்படிப்பட்ட பூனை திடமாக இருந்தால் மயக்கம் தெளிந்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்கிறேன், மூன்றாவது மாதம் மறுபடி கூண்டு வைக்கலாம். குட்டிகள் வயிற்றிலேயே இறந்துபோன அறிகுறி இருந்தால், எந்த வாரம் என்று பார்க்காமல் அறுவைதான், தாயைக் காப்பாற்ற வேறு வழி கிடையாது. வேறு மருத்துவர்கள் கடைசி வாரத்திலும் செய்வார்கள். அதற்கும் காரணம் உண்டு, நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கூண்டு விஷயத்துக்கு வருவோம். சாக்கு, மீன்வலை, கோழிக்கூடை எதுவும் வேண்டாம். சினைப் பூனையைச் சாக்கில் அமுக்கிப் பிடிப்பது வயிற்றிலேயே குட்டிகளைக் கொல்லும், தாயையும் கொல்லலாம். தட்டை மிதித்தால் கதவு தானாக விழும் நீளக் கம்பிக்கூண்டுதான் சரி. முதலில் நாலைந்து நாள் கதவைத் திறந்தபடி கட்டிவைத்து, சோற்றைக் கூண்டுக்குள்ளேயே வையுங்கள். அடியில் செய்தித்தாள் விரித்தால் கம்பி காலில் படாது. பிடிக்கிற நாளுக்கு முந்தின இரவுச் சோற்றை மட்டும் நிறுத்தினால் போதும், தண்ணீர் இருக்கட்டும். சினைப் பூனையை ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடக் கூடாது. பக்கத்து வீடுகளிலும் சொல்லிவைக்க வேண்டும். நீங்கள் நிறுத்தினாலும் அடுத்த வீட்டில் மீன் தலை கிடைத்தால் பூனை கூண்டுப் பக்கம் திரும்பாது. உள்ளே வைக்க வறுத்த சாளை மீனோ நெத்திலிக் கருவாடோ போதும், ஒரு சின்னத் துண்டு, தட்டுக்கு அந்தப் பக்கம்.

விடியற்காலையில் வையுங்கள், வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் கம்பிக்கூண்டு எட்டு மணிக்கே சுடத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நில்லுங்கள். கதவு விழுந்ததும் பழைய போர்வையால் கூண்டை முழுக்க மூடிவிடுங்கள். இருட்டானதும் பூனை அடங்கும். கொஞ்ச நேரத்தில் போராட்டம் நின்றுவிடும். கூண்டை வேறு கூடைக்கு மாற்ற முயற்சி செய்யாதீர்கள். அப்படியே கொண்டுவாருங்கள், மயக்க ஊசியைக் கம்பி வழியாகவே போடுவோம். பைக்கில் மடியில் வைத்து வருவதைவிட ஆட்டோவில் தரையில் வைத்து வருவது நல்லது.

கூண்டைப் பினாயிலோ டெட்டாலோ ஊற்றிக் கழுவிவிட்டு அதிலேயே பூனையை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ரசாயனங்களை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. பாதத்தில் பட்டதை நக்கியே பூனைக்கு விஷம் ஏறும். சோப்புத் தண்ணீர் போதும். ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பது இன்னும் கொடுமை. ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். வலிக்கு நாங்கள் ஊசி போட்டுத்தான் அனுப்புகிறோம்.

கடி வாங்கினால் அலட்சியம் வேண்டாம். பூனைப்பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள் என்று முழுதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் கூண்டைச் சுத்தம் செய்யும் வேலையை வேறொருவர் செய்யட்டும்.

அறுவை முடிந்த சினைப் பூனையை மறுநாளே தெருவில் விட வேண்டாம். நிழலான, நாய் வராத புறவாசல் அறையில் நாலைந்து நாள் வையுங்கள். தையல் உள்ளுக்குள்ளேயே கரைந்துவிடும், பிரிக்க வேண்டியதில்லை. சில நாள் காம்பில் பால் கட்டியிருக்கும். பிழிய வேண்டாம், தானாக வற்றும். சாப்பிடாமல் ஒரு நாள் கடந்தாலோ, தையலில் ரத்தமோ நாற்றமோ வந்தாலோ உடனே கூப்பிடுங்கள்.

பிறகு பிடித்த இடத்திலேயே விடுங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவது, மார்க்கெட்டில் இறக்கிவிடுவது எல்லாம் கூடாது. பழகிய இடத்தைத் தேடி ரோட்டைக் கடந்தே பல பூனைகள் சாகின்றன. பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

மயக்கத்தில் இருக்கும்போதே, அறுவை ஆனதற்கு அடையாளமாக இடது காதின் நுனியை நேராகக் கொஞ்சம் வெட்டிவிடுவோம். பார்க்கச் சங்கடமாக இருக்கும், பூனைக்கு அது வலித்ததுகூடத் தெரியாது. வளவில் அடுத்த பூனைக்குக் கூண்டு வைக்கும்போது கருவாட்டு வாசத்துக்கு இதுவே மறுபடி வந்து மாட்டலாம். போர்வை போடுவதற்கு முன் காதைப் பாருங்கள். நுனி இல்லையென்றால் கதவைத் தூக்கி விட்டுவிடுங்கள்.