மெகாவாட் சரி, எத்தனை மணிக்கு?

ஏற்காடு லேடீஸ் சீட்டில் சாயங்காலம் ஆறரை மணிக்கு நின்று கீழே பாருங்கள். சேலத்தில் தெருத்தெருவாக விளக்கு எரிய ஆரம்பிக்கும். சோலார் பேனல்கள் கடையைக் கட்டுவதும் ஏறக்குறைய அதே நேரம்தான். அணு உலையா, காற்றும் வெயிலுமா என்று யார் சண்டை போட்டாலும் எனக்கு இந்த ஆறரை மணிதான் ஞாபகம் வரும்.

சண்டை எப்போதும் மெகாவாட்டில் நடக்கும். கமுதி சோலார் மின் நிலையம் 648, கூடங்குளத்தில் ஓர் உலை 1000, ஆக ஒன்றரை கமுதி கட்டினால் போதும் என்பார்கள். போதாது. பேனலில் எழுதியிருப்பது நல்ல உச்சி வெயிலுக்கான எண். நம் ஊர் மாடியில் 1 கிலோவாட் போட்டால் நாளைக்குச் சுமார் 4 யூனிட் வரும். இடைவிடாமல் ஓடினால் 24 வந்திருக்கும். உலையோ, எரிபொருள் மாற்றவும் பழுது பார்க்கவும் நிறுத்தும் நாட்கள் போக, ராத்திரி பகல் பார்க்காது. யூனிட் கணக்கில் ஓர் உலைக்கு ஐந்தாறு கமுதியாவது வேண்டும்.

அப்புறம், வெயில் கொளுத்தினால் கரண்ட் கொட்டும் என்பதும் பாதி உண்மைதான். பேனல் கேட்பது வெளிச்சத்தை. சூடு அதற்கு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் திறன் குறையும், சித்திரையில் சேலத்து மாடியில் பேனல் 60 டிகிரிக்குப் போனால் எட்டில் ஒரு பங்கு காணோம். ஏற்காட்டுக் குளிர் அதற்குப் பிடிக்கும், பனிமூட்டம் பிடிக்காது.

மேகம் வந்தால் என்ன ஆகும் என்பதை இங்கே சேகோ ஃபேக்டரி களத்தில் பார்க்கலாம். ஜவ்வரிசியைப் பரப்பிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், கருத்தால் ஓடி வந்து அள்ளுவார்கள். மின் நிலையங்களையும் நம் வீடுகளையும் இணைக்கும் கம்பி வலையான கிரிட்டில், பேனல் கரண்ட் குறைந்தால் அந்த ஓட்டத்தைச் சில விநாடிகளிலேயே வேறு மின் நிலையங்கள் ஓட வேண்டும், இல்லாவிட்டால் கரண்டின் சீரான துடிப்பு, விநாடிக்கு ஐம்பது (50 ஹெர்ட்ஸ்), தடுமாறும்.

காற்றின் கணக்கு இன்னும் முரட்டுத்தனமானது. வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். அம்மி பறக்கும் ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் சுழன்று தள்ளும் காற்றாலைகள், தை மாசியில் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும்.

சரி, உலையின் உற்பத்தியையே சாயங்காலம் ஏற்றி மத்தியானம் இறக்கினால்? அங்கேதான் ஸெனான் என்ற வாயு குறுக்கே வருகிறது. யுரேனியம் பிளந்து வரும் துண்டுகளில் அயோடின்-135 ஒன்று, அது சில மணி நேரத்தில் ஸெனான்-135 ஆகும். யுரேனியத்தைத் தொடர்ந்து பிளந்து உலையை ஓட வைப்பது நியூட்ரான்கள்தான், ஸெனானுக்கோ நியூட்ரான் என்றால் அவ்வளவு பசி. உலை முழு வீச்சில் ஓடும்போது வந்த ஸெனானை நியூட்ரான்களே அழித்துவிடும். வீச்சைச் சட்டென்று குறைத்தால் அழிவது குறையும், பழைய அயோடினிலிருந்து வருவது நிற்காது. நிறுத்திவிட்டால் பத்துப் பதினொரு மணி நேரம் கழித்து அது உச்சத்தில் நிற்கும், அந்த நேரத்தில் திரும்ப மூட்டுவது பெரும்பாடு. பிரான்ஸில் ஏற்றி இறக்கி ஓட்டுகிறார்கள்தான், ஆனால் செலவெல்லாம் கட்டுவதிலேயே போன ஒரு எந்திரத்தைப் பாதியில் ஓட்ட யாருக்கு மனசு வரும்? இன்னொன்று, நிறுத்தினாலும் உலை அடங்காது. நிறுத்திய நொடியில் வெப்பத்தில் 6 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும், பம்ப் ஓடித் தண்ணீர் சுற்றியே ஆக வேண்டும். 2011-ல் ஃபுக்குஷிமாவில் சுனாமி முக்கியெடுத்தது அந்தப் பம்புகளை ஓட்டவேண்டிய டீசல் ஜெனரேட்டர்களைத்தான்.

இப்போதைக்கு சாயங்காலம் ஆறரை மணிக்கு விழும் இடைவெளியை அடைப்பதில் நம் பக்கத்து மேட்டூர் அனல் மின் நிலையத்து நிலக்கரிக்கும் பெரிய பங்கு உண்டு. எனக்கு அதுதான் உறுத்துகிறது. இரண்டு கட்சியும் அதை விட்டுவிட்டு ஒருவரையொருவர் அடித்துக்கொள்கின்றன. காடம்பாறையில் 400 மெகாவாட்டுக்கு ஓர் ஏற்பாடு பல வருடமாக இருக்கிறது: கரண்ட் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்று, தேவைப்படும்போது கீழே விடு. அது மாதிரி நிறைய வேண்டும். உலையும் வேண்டும் என்பேன், ஆனால் கூடங்குளம் முதல் உலைக்கு 2002-ல் வேலை ஆரம்பித்து 2013-ல்தான் கிரிட்டுக்குக் கரண்ட் வந்தது, அதுவரை சும்மா இருக்க முடியாது.

எங்கள் வீட்டில் மாடியில் பேனல் போட்டதிலிருந்து கிரைண்டர் சாயங்காலம் ஓடுவதில்லை, காலை பதினொரு மணிக்கு ஓடுகிறது. பதினொன்றுக்கு அரைத்தால் இந்த வெயிலில் ராத்திரிக்குள் மாவு பொங்கி வழிகிறது என்று அம்மாவுக்குத்தான் கோபம்.