குழாய்க்குள் ஓர் எதிரொலி

“ஒரு கசிவைத் தேடி எங்கள் தெருவை நான்கு இடங்களில் தோண்டிவிட்டார்கள். தோண்டாமலே இடத்தைச் சொல்ல முடியாதா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும். குழாய்க்குள் ஓர் அழுத்த அலையைத் தட்டிவிட்டு, என்ன திரும்பி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

வாஷிங் மெஷின் வால்வு சட்டென மூடியதும் சுவருக்குள் குழாய் ‘டங்’ என்று அதிர்வதைக் கேட்டிருப்பீர்கள். பிளம்பர்கள் இதை வாட்டர் ஹாமர் என்பார்கள். ஓடிவந்த நீர் நிற்கிறது, பின்னால் வருவது அதன்மேல் முட்டுகிறது, அழுத்தம் ஏறி அலையாகப் பின்னோக்கிப் பாய்கிறது. இரும்புக் குழாயில் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 1200 மீட்டர். பிவிசி குழாய் நெகிழ்ந்துகொடுப்பதால் அதில் சுமார் 400 மீட்டர்தான். விமான இறக்கை ஆய்வுக்குப் பெயர்போன ரஷ்ய அறிஞர் ஜுகோவ்ஸ்கி, 1897-98இல் மாஸ்கோ குடிநீர்க் குழாய்களில் இதை அளந்து பார்த்தார். நீரின் அடர்த்தி, அலையின் வேகம், நின்றுபோன ஓட்டத்தின் வேகம் மூன்றையும் பெருக்கினால் ஏறும் அழுத்தம் கிடைக்கும். இரும்புக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் ஓட்டம் திடீரென நின்றால் 12 பார், அதாவது 120 மீட்டர் உயர நீரின் அழுத்தம். குழாய் வெடிப்பதில் வியப்பில்லை.

கசிவைத் தேட அவ்வளவு வேண்டாம். 10 மீட்டர் உயர நீரின் அழுத்தம் கொண்ட அலை போதும். 100 மி.மீ. இரும்புக் குழாயின் அடைபட்ட முனையில், விநாடிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் நீரை வெளியே ஓடவிட்டு, ஒரு சிறு வால்வால் சட்டென நிறுத்தினால் அது கிடைத்துவிடும். மூடும் நேரம்தான் முக்கியம். ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்குக்குள் மூடினால் அலையின் முகப்பு 12 மீட்டர் நீளம். சோம்பலாக மூடினால் முகப்பு நீண்டு மழுங்கிவிடும், பக்கத்துப் பக்கத்து எதிரொலிகள் ஒன்றாகக் குழம்பிவிடும்.

இனிமேல்தான் அழகு. அந்தக் குழாயில் 3 பார் அழுத்தத்தில் 5 மி.மீ. ஓட்டை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்குச் சுமார் 25,000 லிட்டர் அதன் வழியே மண்ணுக்குள் போகிறது. அலை அங்கே வந்ததும் அழுத்தம் கூடுகிறது. அதனால் ஓட்டை இன்னும் கொஞ்சம் வேகமாகக் கக்குகிறது. கக்கிய அந்தக் கூடுதல் நீரின் அளவுக்கு அங்கே அழுத்தம் சற்றுக் குறைகிறது. இந்தக் குறைவே தனி அலையாக வந்தவழி திரும்புகிறது. அதன் அளவு சுமார் 35 செ.மீ. அடைபட்ட முனையில் முட்டும்போது அது இரட்டிப்பாவதால், வால்வருகே உள்ள அழுத்தமானி அதை 10 மீட்டர் உயர்வுக்குப் பிறகு வரும் சுமார் 70 செ.மீ. சரிவாகப் பதிவு செய்யும். அரை விநாடி கழித்து வந்தால் கசிவு 300 மீட்டர் தூரத்தில். போகவும் வரவும் ஆகும் நேரம் என்பதால் பாதி. ஓட்டை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது!

விநாடிக்கு 100 முறை அளந்தால் தூரத்தைப் பிரித்தறியும் நுணுக்கம் 6 மீட்டர், 1000 முறை அளந்தால் 60 செ.மீ. ஆனால் அலைவேகத்தில் 10 சதவீதம் தப்பினால் 300 மீட்டரில் 30 மீட்டர் தள்ளித் தோண்டுவீர்கள். ஆகவே கையேட்டு எண்ணை நம்பாமல், இடைவெளி தெரிந்த இரு ஹைட்ரன்ட்களுக்கு (தீயணைப்புக்கு நீர் எடுக்கும் முனைகளுக்கு) நடுவே வேகத்தை முதலில் அளந்துகொள்ள வேண்டும். அதே ஓட்டை 300 மி.மீ. குழாயில் இருந்தால் திரும்பும் அலை 4 செ.மீ. கூட இராது, பம்பின் சலசலப்பே அதை மூடிவிடும்.

பெரிய தொல்லை கிளைக்குழாய்கள். ஒரே அளவுக் குழாய்கள் சேரும் ‘T’ வடிவ இணைப்பு ஒன்று அலையில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பியனுப்பும்: 3.3 மீட்டர். அதன் பக்கத்தில் 35 செ.மீ. கசிவு எம்மாத்திரம்? எனவே குழாய் நலமாக இருக்கும்போதே ஒரு பதிவு எடுத்து வைத்து, பின்னர் வரும் பதிவிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். எங்கே எந்தக் குழாய், எந்த வால்வு பாதி மூடிக் கிடக்கிறது என்ற வரைபடமும் வேண்டும். சென்சார் வாங்க நிதி கிடைக்கிறது. வரைபடத்தைத் திருத்தும் ஆளுக்குச் சம்பளம் கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவதற்கே முதலில் பணம் ஒதுக்குவேன்.

இதை வாழ்நாள் வேலையாகவே கொண்ட பொறியாளர்கள் உண்டு. ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முகமது கிதாவி அவர்களில் ஒருவர். அவர் குழு அதிர்வெண் மிகுந்த அலைகளை அனுப்பிக் கூர்மையான எதிரொலி பெற முயல்கிறது. அந்த நகரம் 2000 முதல் 2015 வரை சுமார் 3000 கி.மீ. பழைய குழாய்களை மாற்றியும் செப்பனிட்டும், ஆண்டுக்கு 2500 வெடிப்புகளைச் சில நூறுக்குள் இறக்கியது. அப்படியும் கசிவு 15 சதவீத அளவில் நின்றது. பகுதிக்குப் பகுதி மீட்டர் வைத்து, ஊர் உறங்கும் நேரத்து ஓட்டத்தைப் பார்த்தால் எந்தப் பகுதி என்று தெரியும். தெருவில் எந்த இடம் என்பதற்குத்தான் அலை.

2017இல் பிரித்தானியாவில் 12 நீர் நிறுவனங்களிடம் விசாரித்தபோது, 10 நிறுவனங்களில் ஊழியர் சிலர் இன்னும் வளைந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு கசிவு தேடுவது தெரியவந்தது. நம்மூரில் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்கள் தனித்து விடப்படவில்லை. முறையாகச் சோதித்தபோது இந்த வழக்கங்கள் குருட்டு யூகத்தை மிஞ்சியதற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை.

அழுத்த அலையால் கசிவு தேடும் உத்தி நம் தெருவுக்கு வருமா? குழாயில் எப்போதும் நீர் நிறைந்திருக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் சில மணி நேரம் மட்டும் திறந்துவிடும் ஊர்களில் ஒவ்வொரு முறையும் காற்று புகுந்துவிடுகிறது. குறைந்த அழுத்தத்தில், நூற்றுக்கு ஒரு பங்கு காற்று குமிழிகளாகக் கலந்திருந்தாலே அலைவேகம் 1200இலிருந்து நூற்றுச் சொச்சத்துக்கு விழும். எதிரொலிக் கணக்கு மொத்தமும் பாழ். ஏர் வால்வுகள் சரியாக இயங்கி, காற்று வெளியேறி, அழுத்தம் நிலைத்த பிறகே அளக்க முடியும். அதற்குள் தண்ணீர் விடும் நேரமே முடிந்துவிடும். அங்கெல்லாம் இன்றைக்கும் இரும்புக் கம்பியை வால்வில் ஊன்றிக் காதை வைத்து இரைச்சல் கேட்கும் லைன்மேன்தான் கருவி.