குழந்தைகள் நல ஃபைலைக் கேட்டு சப்பீனா வந்தால் என்ன நடக்கும்?

அமெரிக்காவில் குழந்தை பாதுகாப்புத் துறையிடம் இருக்கும் ஃபைல் சாதாரண அரசு ஆவணம் கிடையாது. டீச்சர் போனில் சொன்ன சந்தேகம், வீட்டுக்குப் போன ஊழியர் குழந்தை எங்கே படுத்துத் தூங்குகிறது என்று எழுதிவைத்த குறிப்பு, டாக்டரின் பரிசோதனை, சில பக்கங்களில் குழந்தையே சொன்ன வார்த்தைகள் என்று எல்லாம் அதில் இருக்கும். மத்திய அரசின் நிதி வேண்டுமென்றால் மாநிலங்கள் இவற்றை ரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது, 1974-இல் வந்த குழந்தை வதைத் தடுப்புச் சட்டம்.

ஆனால் ஒரு வழக்கைத் தீர்மானிக்க அந்தத் தகவல் அவசியம் என்று நீதிமன்றம் கருதினால் வெளியிடலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. குழப்பம் இங்கேதான் வருகிறது. சப்பீனா என்பது ‘ஆவணத்தைக் கொண்டுவா’ என்று நீதிமன்றத்தின் பெயரில் வரும் கட்டளை. பெரும்பாலும் அதில் கையெழுத்துப் போடுவது வக்கீல். நீதிபதி அதைப் பார்த்திருக்கவே மாட்டார். ஆகவே அதைப் பார்த்ததும் துறை ஃபைலைத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. பதில் சொல்லாமலும் இருக்க முடியாது. மத்திய நீதிமன்றங்களின் சிவில் விதி 45-இன்படி 14 நாளுக்குள், ஆவணம் தர வேண்டிய தேதி அதற்கு முன்பே வந்தால் அதற்குள், எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். மாநில நீதிமன்றங்களுக்குத் தனி விதிகள் உண்டு. அப்புறம் ஃபைலைக் கேட்டவர்தான் நீதிபதியிடம் மனுப்போட வேண்டும். சப்பீனாவையே ரத்துசெய்யச் சொல்லித் துறையும் கேட்கலாம்.

சரி, நீதிபதி என்ன செய்வார்? பென்சில்வேனியாவில், மகளிடம் பாலியல் குற்றம் செய்ததாக வழக்கைச் சந்தித்த ஒரு தந்தை துறையின் ஃபைலைக் கேட்டார், துறை மறுத்தது. விசாரணை நீதிபதி ஃபைலை முழுதாகப் படிக்காமலே, மருத்துவ அறிக்கை எதுவும் அதில் இல்லை என்று துறை சொன்னதை ஏற்றுக்கொண்டார். அது போதாது என்று 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிபதி தன் அறையில் ஃபைலைத் தானே படிக்க வேண்டும். தீர்ப்பையே மாற்றியிருக்கக்கூடிய தகவல் இருந்தால் அதைத் தர வேண்டும். அதே சமயம், குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்க உரிமை கிடையாது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. சிறைக்குப் போகக்கூடிய ஒருவருக்கு வேண்டிய சான்று மறைந்துவிடக் கூடாது. பயந்துபயந்து வாய் திறந்த குழந்தையின் பேச்சு கண்டவர் கைக்கும் போகக் கூடாது.

நீதிபதி உத்தரவு போட்ட பிறகும் துறை தராவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு. தரும்போதுகூடப் புகார் கொடுத்தவரின் பெயரைக் கறுப்பு மையால் மறைக்கலாம், நகல் வேறு யாரிடமும் போகக் கூடாது என்று நிபந்தனை போடலாம்.

ஃபைலைக் கேட்பவர் ‘எல்லாவற்றையும் கொடு’ என்று எழுதினால் எடுபடாது. எந்தத் தேதி, எந்த அறிக்கை, வழக்கில் அது எதைக் காட்டும் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை ‘தேவையில்லை’ என்று நீதிபதி ஒதுக்கிய பக்கம் விசாரணை நகரும்போது முக்கியமாகிவிடலாம். அப்போது மறுபடியும் கேட்கலாம். அந்த 1987 தீர்ப்பே அதற்கு இடம் தருகிறது.