‘பழகிடுச்சு டாக்டர்’

போன வாரம் வந்தவருக்கு அறுபது வயதிருக்கும் (அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்). காதுக்குள் ஓர் இரைச்சல், ஆறு மாதமாகத் தூக்கம் சரியில்லை, பிரஷர் மாத்திரையை இரண்டு முறை கூட்டியாகிவிட்டது. வீடு பொழிச்சலூரில். சென்னை மீனம்பாக்கம் விமான நிலைய ஓடுபாதையின் மேற்கு முனைக்கு நேர் எதிரே என்றே சொல்லலாம். ராத்திரியில் விமானச் சத்தம் எப்படி என்று கேட்டேன். “சத்தமா? இருபது வருஷத்துக்கு மேல இருக்கோம் டாக்டர், அதெல்லாம்…” என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்தினார். என் கிளினிக்கும் அதே வழியில்தான் இருக்கிறது. மேலே ஒன்று ஏறிப் போனது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது, நானும் அவரும் அவர் மனைவியும் ஒரு பதினைந்து நொடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்புறம் “…பழகிடுச்சு” என்று முடித்தார். நடுவில் நிறுத்தியதே அவருக்குத் தெரியவில்லை.

இந்த மாதத்தில் இதே வார்த்தையைச் சொன்ன நான்காவது ஆள் இவர். அதனால்தான் எழுதுகிறேன்.

பழகியது உங்கள் கவனம், அவ்வளவுதான். முதல் வாரம் ஒவ்வொரு விமானத்துக்கும் அண்ணாந்து பார்த்தீர்கள், இப்போது பார்ப்பதில்லை. முன்பு விழிப்பு வந்த சத்தத்துக்கு இப்போது பாதி நாள் முழிப்பதுமில்லை. அதை வைத்து உடம்பும் சமாதானமாகிவிட்டது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்குக் கிடையாது. நீங்கள் குறட்டை விட்டுத் தூங்கும்போதும் அது திறந்தேதான் இருக்கிறது, மூளை கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஏதென்ஸ், மிலான், ஸ்டாக்ஹோம், லண்டன் விமான நிலையங்களுக்குப் பக்கத்தில் குடியிருந்த 140 பேருக்கு அவரவர் வீட்டிலேயே, ராத்திரி முழுக்க, கையில் பிரஷர் பட்டையைக் கட்டிவிட்டு அளந்திருக்கிறார்கள். 2008இல் முடிவு வெளியானது. விமானச் சத்தம் அறைக்குள் வந்த நேரங்களில் மேல் அளவு சராசரியாக 6 புள்ளிக்கு மேல் ஏறியது. தூங்குகிறவருக்கு! காலையில் எழுப்பிக் கேட்டால் அவர்களும் பழகிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, ஐரோப்பாவின் ஆறு விமான நிலையங்களைச் சுற்றி, ராத்திரிச் சத்தம் கூடக் கூட ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கூடுகிறார்கள் என்று காட்டியது. ஒரு விமானத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, சரி. நள்ளிரவிலிருந்து நாலு மணி வரை வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஐரோப்பாவுக்கும் போவதும் வருவதுமாக ஒவ்வொரு ராத்திரியும் நடக்கிறதே, அதைக் கணக்குப் போடுங்கள்.

இதற்கு அடுத்தபடியாக எனக்கு எரிச்சல் தருவது: “ஆடியோகிராம் நார்மல்னு சொல்லிட்டீங்களே, அப்ப ஒண்ணுமில்லதானே?” ஆமாம், அது காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் சோதனை, செவித்திறனுக்கு ஒன்றுமில்லை. காது கெட, தொழிற்சாலைக் கணக்கில் 85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு எட்டு மணி நேரம், வருடக்கணக்காகக் கேட்க வேண்டும். வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அந்த அளவு சேராது. ஓடுபாதையில் வேலை செய்கிறவர் கதை வேறு, அவர் வருடத்துக்கொரு முறை டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும். நான் சொல்வது காதைப் பற்றியே இல்லை. சத்தம் காது வழியாக நுழைந்து தூக்கத்தையும் பிரஷரையும் சர்க்கரையையும் கெடுக்கிறது. ஈ.என்.டி. டாக்டர் ரிப்போர்ட்டில் நார்மல் என்று எழுதிவிட்டதாலேயே பிரஷர் டாக்டரிடம் யாரும் விமானத்தைப் பற்றிச் சொல்வதில்லை. நாங்களும் கேட்பதில்லை, எங்கள் மேலும் தப்பு இருக்கிறது.

அப்புறம் இந்த “பைலட் வழியை மாத்திட்டான்” புகார். யாரும் மாற்றவில்லை. விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது மேற்கு நோக்கி ஏறும், அப்போது பொழிச்சலூர், அனகாபுத்தூர்க்காரர்கள் பாடு திண்டாட்டம், ஆலந்தூர் பக்கத்துக்கு இறங்குகிற விமானங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்ததும் எல்லாம் தலைகீழ். பரங்கிமலை, பழவந்தாங்கல், ஆலந்தூர் பக்கம் ஏறிப் போகும். கோடையில் ஒரே நாளிலேயே இரண்டும் நடக்கலாம், காலையில் தரைக்காற்று, மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று புகுந்ததும் ஓடுபாதையின் திசை மாறிவிடும். வீடு வாங்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போய், புரோக்கர் கொடுத்த ஜூஸைக் குடித்துக்கொண்டே பத்து நிமிடம் மாடியில் நின்றுவிட்டு “சத்தமே இல்லையே” என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். ஐயா, கோடி ரூபாய் கொடுக்கிறீர்கள், ஒரு ராத்திரி போய் அந்தத் தெருவில் நில்லுங்கள். காற்று திரும்பிய பிறகு இன்னொரு ராத்திரி.

“உயரத்துக்கு ஏர்போர்ட்ல என்.ஓ.சி. வாங்கியிருக்காங்க டாக்டர், பில்டர் காட்டினாரே.” அந்தத் தடையின்மைச் சான்று, உங்கள் கட்டடம் விமானத்துக்கு இடைஞ்சலாக இருக்குமா என்று பார்ப்பது. விமானம் உங்களுக்கு இடைஞ்சலாக இருக்குமா என்று அதில் யாரும் பார்ப்பதில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டு விதிகளில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிலர் சண்டை போடுகிறார்கள். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள சத்த மண்டலத்துக்கு 2018இல் தனி வரம்பு வந்துவிட்டது: வருடத்துக்கு 50,000க்கு மேல் ஏறி இறங்கும் நிலையமானால் பகலில் 70, இரவில் 65. சென்னை அந்த வகைதான். அதே 2018இல்தான் உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்கான வழிகாட்டுதலில் விமானச் சத்தம் இரவில் 40ஐத் தாண்டக் கூடாது என்றது. 45க்கும் 65க்கும் வித்தியாசம் வெறும் இருபதுதானே என்று நினைத்துவிடாதீர்கள். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் சத்தத்தின் ஆற்றல் பத்து மடங்கு, இருபது கூடினால் நூறு மடங்கு. போதாததற்கு இதெல்லாம் சராசரி. ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டை உலுக்கிய ஒரு விமானம் எட்டு மணி நேரச் சராசரியில் கரைந்து காணாமல் போய்விடும். உங்கள் தூக்கம் சராசரியில் கலைவதில்லை.

ஏறும் முறையை மாற்றிச் சத்தத்தைக் குறைக்க முடியாதா என்றால், ஓரளவு முடியும். விமானிகளுக்கு இரண்டு வகை முறை உண்டு. ஒன்றில் வேகம் எடுப்பதைத் தள்ளிப்போட்டு நேராக உயரம் பிடிப்பார்கள், ஓடுபாதைக்கு ஒட்டியிருப்பவர்களுக்கு நிம்மதி. இன்னொன்றில் சீக்கிரமே வேகம் எடுப்பார்கள், தூரத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் குறையும். ஒரு பேட்டைக்குக் குறைத்தால் இன்னொரு பேட்டைக்குக் கூடும். பிராங்க்பர்ட்டில் 2011 முதல் இரவு 11 மணியிலிருந்து காலை 5 வரை திட்டமிட்ட விமானங்களுக்குத் தடை. இங்கே அதைக் கேட்டால் சிரிக்கிறார்கள்.

குழந்தைகள் விஷயம்தான் எனக்குத் தொண்டையில் சிக்கியிருக்கிறது. “கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான், கவனமே இல்ல, காது கேக்கலையோ” என்று மூன்றாவது, நான்காவது படிக்கும் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். கேட்டுப் பார்த்தால் வீடும் பள்ளிக்கூடமும் இரண்டுமே விமானம் போகிற வழியில். காது சரியாகத்தான் இருக்கும். வகுப்பில் டீச்சர் சொல்லும் வாக்கியத்தின் நடுவில் ஒரு துண்டு காணாமல் போகிறது, அதை விட்டுவிட்டு மீதியைக் கேட்கப் பிள்ளை கற்றுக்கொள்கிறது, நாளடைவில் சத்தத்தோடு சேர்த்து டீச்சர் குரலையும் தள்ளிவிடுகிறது. ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட், லண்டன் விமான நிலையங்களைச் சுற்றி 2,800க்கு மேற்பட்ட 9, 10 வயதுப் பிள்ளைகளைப் பார்த்த ஆய்வு 2005இல் வந்தது. பள்ளியில் விமானச் சத்தம் கூடக் கூட, படித்துப் புரிந்துகொள்வது பின்தங்கியது. நல்ல செய்தியும் உண்டு. மியூனிக்கில் 1992இல் பழைய விமான நிலையத்தை மூடிப் புதிய இடத்துக்கு மாற்றினார்கள். பழைய இடத்துப் பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் இரண்டு வருடத்துக்குள் தேறின. புதிய இடத்துப் பிள்ளைகளுக்கு இறங்கின. பழகுவதுதான் உண்மையென்றால் முதல் கூட்டத்துக்குத் தேறவும் இரண்டாவது கூட்டத்துக்கு இறங்கவும் என்ன அவசியம்? இந்தப் பக்கம் ஒரு பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஏ.சி. போட்டு ஜன்னலை மூடினால் ஃபீஸ் கூடும் என்று பேச்சு அங்கேயே முடிந்தது. டீச்சர்களிடம் ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன்: விமானம் போகும்போது பேச்சை நிறுத்துங்கள், போனதும் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். காசு செலவில்லை.

சரி, வீட்டில் என்ன செய்யலாம். படுக்கையை விமானப் பாதைக்கு எதிர்ப்பக்க அறைக்கு மாற்றுங்கள், ஹாலைவிட அடுக்களைப் பக்கம் அமைதி என்றால் அங்கேயே படுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். ஜன்னல் திறந்திருந்தால் வெளிச்சத்தத்தில் 10, 15 டெசிபல்தான் குறையும். மூடி, இடுக்கையும் அடைத்தால் இன்னொரு பத்தாவது கிடைக்கும். இடுக்குதான் முக்கியம், விரல் அகல இடைவெளியை விட்டுவிட்டு விலை உயர்ந்த கண்ணாடி போட்டுப் பயனில்லை. தள்ளுகிற ஜன்னலைவிட ரப்பர் பட்டையோடு அழுந்த மூடும் கதவு ஜன்னல் மேல். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டாதீர்கள், அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது, பல்லி குடியேறும். மொட்டை மாடியில் ஷீட் கூரை போட்டு அங்கே தாத்தா பாட்டியைப் படுக்க வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அவர்களைக் கீழே இறக்குங்கள். ஏறும் விமானத்தின் கனத்த உறுமல் எதையும் துளைத்துக்கொண்டு வரும், முழு அமைதி கிடைக்காது, குறைகிற வரை லாபம்.

காதடைப்பான் வாங்கினால் நுரையால் ஆனது வாங்குங்கள், கை கழுவிவிட்டு உருட்டிப் போடுங்கள். காதில் சீழ், ஓட்டை உள்ளவர்களும் சின்னக் குழந்தைகளும் வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சை அடைத்துக்கொண்டு வராதீர்கள், தயவுசெய்து. இந்த வருடம் காதுக்குள் காளான் வளர்த்துக்கொண்டு வந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பஞ்சு கேஸ்தான். தூக்க மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கடன் வாங்காதீர்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் பிரஷர் பாருங்கள், பார்க்கிற டாக்டரிடம் வீடு எங்கே என்று சொல்லுங்கள்.

புகார் கொடுப்பதானால் “எப்பவும் சத்தம்” என்று எழுதாதீர்கள். ஒரு மாதம் நோட்டில் தேதி, மணி, எந்தப் பக்கம் ஏறியது என்று குறியுங்கள், எந்த விமானம் என்று செல்போன் ஆப்பிலேயே தெரிந்துவிடும். பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து குறித்த நோட்டை ஓரமாக வைப்பது அதிகாரிகளுக்குக் கொஞ்சம் சிரமம்.

பொழிச்சலூர்க்காரரின் மனைவி நேற்று போன் செய்தார். கட்டிலைப் பின் அறைக்கு மாற்றிவிட்டார்களாம். அங்கே குழாய் சொட்டுகிற சத்தத்தில் அவருக்குத் தூக்கம் வரவில்லையாம்.